ஜனவரி முதல் பத்து நாள்: தர்மபுரிப் பள்ளி மேடையில் எதைச் சொல்லலாம்?

கேள்வி இதுதான்: "பென்னாகரம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை, ஜனவரி முதல் பத்து நாளில் நடந்த ஒரு வரலாற்று நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலை அப்படியே வாசிக்க வைக்க மனசு வரவில்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணோடு ஒட்டுகிற மாதிரி ஏதாவது உண்டா?"

நிறையவே உண்டு டீச்சர். அந்தப் பட்டியல்களில் தேதி இருக்கும், பேர் இருக்கும், அதோடு முடிந்துவிடும். டெல்லியிலோ லண்டனிலோ அது நடந்த அன்றைக்கு நம் பக்கத்தில் என்ன நிலைமை என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால்தான் அந்தத் தேதி பிள்ளைகள் மனசில் நிற்கும். நான் வரலாறு சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் கேட்க வைத்தேன். தேதி வரிசைப்படி சொல்லாமல், எதற்கு அதிகம் சொல்ல வேண்டுமோ அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் 1877 ஜனவரி 1. அன்றைக்கு டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். சமஸ்தானத்து ராஜாக்கள் யானைகளோடும் பரிவாரங்களோடும் வந்து இறங்கினார்கள். விருந்தும் வேடிக்கையும் நாள்கணக்கில் நடந்தன. சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனும் அதற்காக டெல்லி போயிருந்தார்.

அதே நாளில் நம் பக்கம் எப்படி இருந்தது? அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை எல்லாமே சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். 1876-இல் பருவமழை பொய்த்தது. ஏரி குளம் வறண்டு, கேழ்வரகும் சோளமும் கருகின. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறோமே, அது இதுதான். தமிழ் வருடக் கணக்கில் தாது என்பது 1876 சித்திரையில் தொடங்கி 1877 பங்குனியில் முடிந்த வருடம். ஆக, தர்பார் நடந்த மார்கழி மாதம் பஞ்சத்தின் நட்டநடுவில் வருகிறது. சென்னை மாகாணத்தில் மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று.

அந்த மாதமே நடந்த இன்னொன்றையும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை இந்திய அரசு சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. நிவாரண வேலைக்கு வந்து நாள் முழுக்க மண் வெட்டி, கல் உடைக்கும் ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் முடிவு செய்தார். பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். குறைந்தது 680 கிராம் தானியம் வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பு மாதிரியான புரதமும் வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு வருகிறவர்கள் வேலைத்தளத்திலேயே சாவார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. 1877 மார்ச்சில் மாகாண அரசு படியை 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு என்று உயர்த்தியது. அவர் கேட்டதில் பாதி தூரம்தான் அது.

டீச்சர், இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் மேடைக்கு ஒரு தராசு கொண்டு வரச் சொல்லுங்கள். 450 கிராம் கேழ்வரகு மாவை எடை போட்டு ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்குக் களி தெரியும். அந்த மாவைக் கிளறினால் எத்தனை உருண்டை வரும் என்று வீட்டில் அம்மாவைக் கேட்டு வரச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1,500 கலோரி அது. வெயிலில் பகல் முழுக்கக் கல் உடைக்கிற ஆளுக்கு அதைப்போல் இரண்டு பங்கு வேண்டும். மேடையில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் பாடப்புத்தகத்தில் ‘பஞ்சம்’ என்ற சொல் வந்தால் கண் அதன் மேல் சும்மா ஓடாது.

எத்தனை பேர் போனார்கள்? தென்னிந்தியாவிலும் மற்ற பகுதிகளிலும் சேர்த்து, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். நம் மாவட்டத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் போதும். 1871-இல் பழைய சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-இல் சுமார் 16 லட்சம் பேர். கூடியிருக்க வேண்டிய பத்து ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் ஒரு பக்கம், இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஒரு பக்கம். அந்தக் காலத்திலும் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டேதான் இருந்தது. இதை நான் கோபம் இல்லாமல் சொல்லிக்கொடுத்ததே கிடையாது. பிள்ளைகளுக்கும் கோபம் வரட்டும், தப்பில்லை.

இந்தப் பஞ்சம் நம் ஊரின் சாலையையும் ரயிலையும் மாற்றியது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சேலம் போகும் பெரிய ரயில் பாதை 1860களிலேயே வந்துவிட்டது. கப்பலில் சென்னைக்கு வந்த அரிசியை மொரப்பூர் வரை ரயிலில் கொண்டுவர முடியும். அதற்கு மேல் தர்மபுரிக்கும் அப்பால் இருக்கிற ஊர்களுக்கும் மாட்டு வண்டிதான். ஆனால் பஞ்சத்தில் முதலில் சாவது மாடுகள். தீவனமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ரயிலடியில் மூட்டை இருந்தும் உள்ளூருக்கு வந்து சேரவில்லை. பஞ்சத்துக்குப் பின் அமைந்த விசாரணை ஆணையம் 1880-இல் அறிக்கை கொடுத்தது. பஞ்ச காலத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்ற விதிமுறைகள் அதன்பின் எழுதப்பட்டன, பஞ்சம் வரக்கூடிய வறண்ட பகுதிகளுக்கு ரயில் பாதை போடுவது அரசின் கொள்கை ஆனது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்த குறுகிய பாதை அந்த வகையில் வந்ததுதான். பிறகு அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர் பாதையை மறுபடி போட வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் பல காலமாகக் கேட்டு வருவதன் பின்னணியில் இவ்வளவு கதை இருக்கிறது.

ஜனவரி 1-இல் வேறு சிலவும் உண்டு. 1818-இல் புனே அருகே பீமா நதிக்கரையில் கோரேகான் போர் நடந்தது. மராத்திய ஆட்சியாளர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறு படை எதிர்த்து நின்ற போர். கம்பெனி பக்கம் நின்ற சிப்பாய்களில் அம்பேத்கர் பிறந்த மகர் சமூகத்தினர் நிறைய. அதனால்தான் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்குள்ள நினைவுத் தூணுக்குப் போனார். அந்தப் போரில் பீரங்கி இயக்கியவர்கள் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள் என்பது நம் மாகாணத்துத் தொடர்பு. பெரிய வகுப்புப் பிள்ளை யாராவது பேசினால் இதைக் கொடுக்கலாம்.

சரி, ஜனவரி 2-க்கு வருவோம். 1954 ஜனவரி 2 அன்று பாரத ரத்னா விருதை நிறுவி குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் அறிவிப்பு வெளியானது. முதலில் திட்டமிட்ட பதக்கம் இப்போது இருக்கிற அரச இலை வடிவத்தில் இல்லை. 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான தங்கப் பதக்கம், நடுவில் சூரியன் என்றுதான் முதல் அறிவிப்பு சொன்னது. அரச இலை பின்னால் வந்தது. முதல் ஆண்டில் விருது பெற்றவர்கள் மூன்று பேர்: ராஜாஜி, சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவருமே பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள். அதில் ராஜாஜி நம் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளிக்காரர். தாது வருடப் பஞ்சம் அடங்கிய 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று பிறந்தார். அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஓசூர் போகிற பிள்ளைகள் பார்த்துவிட்டு வரலாம்.

இதில் வெறும் பெருமையோடு நிறுத்த வேண்டாம். அந்த அறிவிப்பு வந்த 1954 ஜனவரியில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்று 1953-இல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்துக்கு எதிராக மாநிலமே கொதித்துக்கொண்டிருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திமுகவும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு பலமாக இருந்தது. ஏப்ரலில் அவர் விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. ஒரே ஆண்டில் பதவியை இழந்ததும் நாட்டின் மிக உயர்ந்த விருதைப் பெற்றதும் ஒரே மனிதர். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் மண்ணில் பிறந்தவர் என்பதற்காக ஒரு பக்கத்தை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

பாரத ரத்னா தொடங்கியபோது இறந்தவர்களுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. பின்னால் அதைத் திருத்தினார்கள். மறைவுக்குப் பின் அதை முதலில் பெற்றவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் கதையும் ஜனவரியில்தான் முடிகிறது. 1965 போருக்குப் பின் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோடு 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். விடிவதற்குள், ஜனவரி 11 அதிகாலையில், அங்கேயே மாரடைப்பில் காலமானார். சாஸ்திரி என்றால் ‘ஜெய் ஜவான் ஜெய் கிசான்’ முழக்கம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தமிழர்களான நமக்கு அவர் பெயர் இன்னோர் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவோடு அவர் செய்த ஒப்பந்தப்படி, மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த மக்களில் யாரையும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. பஞ்சத்தில் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள், தாங்கள் பார்த்தே இராத ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் இந்த இரண்டு தேதிகளையும் இணைத்தே பேசலாம்.

அடுத்து, தமிழ் மாநாடுகள். உலகத் தமிழ் மாநாட்டுக்கும் ஜனவரி முதல் பத்து நாளுக்கும் அப்படி ஒரு ஒட்டுறவு. 1964 ஜனவரி 7 அன்று, டெல்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் சர்வதேச மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, தனிநாயகம் அடிகளும் மற்ற அறிஞர்களும் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அதன்பின் 1968-இல் சென்னை, 1974-இல் யாழ்ப்பாணம், 1981-இல் மதுரை, 1995-இல் தஞ்சாவூர் என்று நான்கு மாநாடுகள் ஜனவரியின் முதல் பத்து நாளுக்குள் கூடின.

1968 சென்னை மாநாடு ஜனவரி 3-இல் தொடங்கியது. அண்ணா முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. மாநாட்டையொட்டி மெரினா கடற்கரைச் சாலையில் பத்துச் சிலைகள் வைக்கப்பட்டன. திருவள்ளுவர், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், கண்ணகி. இந்த வரிசையில் பத்தாவதாக நான் நிறுத்தி வைத்திருப்பது ஔவையார். ஏனென்றால் அவர் நமக்கு உறவு. சங்க காலத்து ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நம் தர்மபுரிதான். நீண்ட நாள் வாழ வைக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்குக் கொடுத்தான் என்று புறநானூற்றில் அவரே பாடியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அது பாடத்திலேயே வந்துவிடும். அதியமான்கோட்டையில் இருவருக்கும் கோட்டம் இருக்கிறது. நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது வேறு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். போர் வரக் கூடாது என்று ஓர் அரசன் ஒரு பெண் புலவரை அனுப்பியிருக்கிறான், அவரும் போய்ப் பேசியிருக்கிறார். மெரினாவுக்குச் சுற்றுலா போகும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சிலை முன்னால் நின்று, இவர் எங்கள் ஊரில் இருந்தவர் என்று சொல்லலாம்.

மதுரை மாநாடு நடந்த 1981-ஆம் ஆண்டிலேயே திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பிராமி கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று அதில் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்க அதியமான் கொடுத்த குகை. ‘ஸதியபுதோ’ என்றால் சத்தியபுத்திரன். அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடினார்களே, அதற்கு விடை இந்த ஒற்றை வரியில் கிடைத்தது. பாட்டில் மட்டும் இருந்த அதியமான் கல்லிலும் கிடைத்தான். அது ஜனவரியில் நடந்ததல்ல, ஆனால் மதுரை மாநாட்டைப் பற்றிப் பேசுகிற பிள்ளை அந்த ஆண்டைச் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாண மாநாட்டைப் பற்றிப் பேசுவதில் கவனம் வேண்டும். மாநாடு நன்றாக நடந்து முடிந்தது. 1974 ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்தின் முன் நிறைவுக் கூட்டம். திரளாகக் கூடியிருந்த மக்கள் மீது போலீஸ் பாய்ந்து கண்ணீர்ப்புகை வீசியது. மின்கம்பி அறுந்து விழுந்து அப்பாவிகள் உயிர் இழந்தார்கள். முன்னாள் நீதிபதி டி கிரெட்சர் தலைமையில் குடிமக்கள் அமைத்த ஆணையம் போலீஸ் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்தது. அரசு யாரையும் தண்டிக்கவில்லை. ஈழத்து இளைஞர்களின் மனதில் அந்த நாள் ஆழமாகத் தைத்தது. நம் இரண்டு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து வரும் பிள்ளைகள் உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். அப்படியானால் இந்தத் தேதியை மேடையில் பேச வைப்பதற்கு முன் அந்தப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் அவர்களே பேசட்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஜனவரி 3-இல் மூன்று பேரின் பிறந்தநாள் கொண்டாடுகிறோம்: வேலு நாச்சியார், வீரபாண்டிய கட்டபொம்மன், சாவித்திரிபாய் புலே. மூன்றையும் ஒரே பிள்ளை பேசினால் எதுவும் நிற்காது, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலு நாச்சியாரை எடுப்பேன். கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின் அவர் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். எட்டு ஆண்டு காத்திருந்து 1780-இல் சிவகங்கையை மீட்டார். அந்தக் காலத்தில் பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியும் ஹைதரின் ஆட்சியில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் கம்பெனிப் படைக்கும் நடந்த சண்டைகள் அதே மைசூர்ப் போர்களைச் சேர்ந்தவை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் ஏறி, பிடிக்க முடியாமல் திரும்பியது. கோட்டை சண்டையில் விழவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோதுதான் அது கம்பெனி கைக்குப் போனது. கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் யாராவது உங்களைப் போல் இதைச் செய்தால் ஜனவரி 3-க்கு இந்த வழியில் போகலாம்.

ஜனவரி 4 லூயி பிரெயில் பிறந்த நாள், 1809. மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி கண்ணில் குத்திப் பார்வை போனது. பதினைந்து வயதில் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிவிட்டார். அவர் இறந்ததும் ஜனவரி முதல் வாரம்தான், 1852 ஜனவரி 6. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வந்தது, தமிழும் அதில் அடக்கம். பார்வைக் குறையுள்ள பிள்ளை உங்கள் பள்ளியில் படித்தால் தமிழ் பிரெயில் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதே ஜனவரி 4-இல் நியூட்டன் பிறந்தார் என்று ஒரு பட்டியலும், டிசம்பர் 25 என்று இன்னொரு பட்டியலும் சொல்லும். இரண்டும் சரி. அவர் பிறந்தபோது இங்கிலாந்து பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது, அதில் 1642 டிசம்பர் 25. இப்போதைய நாள்காட்டிக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று எழுதினார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஜனவரி 6, 7. 1610 ஜனவரி 7 இரவு இத்தாலியின் படுவா நகரில் கலிலியோ தன் தொலைநோக்கியை வியாழன் கோளின் பக்கம் திருப்பினார். கோளுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று சிறு நட்சத்திரங்கள். இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்கே. சில நாளில் நான்காவதும் தெரிந்தது. அவை நட்சத்திரங்கள் அல்ல, வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்று அவருக்குப் புரிந்தது. வானத்தில் உள்ள எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. முதல் நாள் அவர் நான்கைப் பார்க்காமல் மூன்றைப் பார்த்ததற்குக் காரணம், அயோ, யூரோப்பா என்ற இரண்டு நிலவுகளும் அன்றைக்கு நெருங்கி ஒரே புள்ளியாகத் தெரிந்தன.

இதற்கு நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தைத் தாண்டி காவலூர் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம், கிருஷ்ணகிரியிலிருந்து போய்விடும் தூரம்தான். அங்குள்ள வான் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் 1972-இல், வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் கவனித்து, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டார்கள். கலிலியோ பார்த்த நான்கில் ஒன்று கனிமீடு. 1986 ஜனவரி 6 அன்று அதே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்ய வேண்டும் என்று பாடுபட்ட வைணு பாப்பு 1982-இலேயே காலமாகிவிட்டார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. உலகில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள் (சூரியனைச் சுற்றும் சிறு கோள்) சீரீஸ். இத்தாலியின் பலேர்மோவில் பியாசி அதைப் பார்த்தது 1801 ஜனவரி 1 இரவு. காவலூரிலிருந்து 1988 பிப்ரவரியில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி ஒன்று கிடைத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர்.

ஜனவரி 9 காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-இல் பம்பாயில் வந்து இறங்கிய நாள். அயலகம் வாழ் இந்தியர் நாளாக 2003 முதல் கொண்டாடுகிறார்கள். இது எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, நீங்களே எளிதாகத் தயார் செய்துவிடலாம். தில்லையாடி வள்ளியம்மையைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அவர் பெயர் விட்டுப்போகக் கூடாது.

நடைமுறைக்கு ஒன்று. ஜனவரி 1 பள்ளி இருக்காது, பள்ளி திறக்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் தாது வருடப் பஞ்சத்தைத் திறக்கிற முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளை பேசட்டும், தராசையும் மாவையும் முந்தின நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். பாரத ரத்னாவும் ஔவையார் சிலையும் ஆறு, ஏழாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். கலிலியோவை அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து செய்யுங்கள். வியாழன் மாலை வானில் தெரிகிற ஆண்டாக இருந்தால் ஒரு சாதாரண பைனாகுலரைச் சுவரில் அழுத்திப் பிடித்துப் பார்த்தாலே அந்த நிலவுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். பென்னாகரம் பக்கத்து வானம் அதற்கு நல்ல இருட்டு. காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். பிள்ளைகளை அழைத்துப் போவதானால் முன்கூட்டியே ஆய்வகத்தில் கேட்டு நாளை உறுதி செய்துகொள்ளுங்கள், மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.